படகேறிப் போகாத காணி யாருடையது? நெடுந்தீவின் ஆளில்லா வளவுகளும் சட்டமும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் காலை வேளையில் நின்று பார்த்தால் நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் யார் யார் என்று கைப்பொருளை வைத்தே சொல்லிவிடலாம். சாப்பாட்டுப் பையோடு நிற்பவர்கள் அங்கே வேலைக்குப் போகும் ஆசிரியர்களும் அரச ஊழியர்களும். அரிசி மூட்டையும் சீமெந்துப் பையும் காஸ் சிலிண்டரும் ஏற்றுகிறவர்கள் ஊரவர்கள். விடுமுறை நாளென்றால் குதிரையையும் கோட்டையையும் பார்க்க வரும் உல்லாசப் பயணிகள் நிறைந்திருப்பார்கள். இவர்களுக்கு நடுவே எப்போதாவது ஒருவர் நிற்பார். வயதானவர். கையில் பொலித்தீன் பை. பைக்குள் மடிப்புக் கிழிந்த காணி உறுதி. பல வருடங்களுக்குப் பிறகு தன் வளவைப் பார்க்கப் போகிறவர் அவர்.

அவர் போய்ச் சேரும்போது வளவு அவருடையதாகவே இருக்குமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. நெடுந்தீவை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும் எழுவைதீவு, அனலைதீவு, புங்குடுதீவு தொடங்கி வடமராட்சி கிழக்கின் கடலோரக் கிராமங்கள் வரை, ஊரை விட்டு வந்து திரும்பிப் போக முடியாமல் இருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

கடல் கடந்துதான் கச்சேரி

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என்று முப்பது கிலோமீற்றருக்கு மேல் பஸ்ஸில் போனால் குறிகட்டுவான் வரும். அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். மற்றப் பெரிய தீவுகளைத் தாம்போதிகள் குடாநாட்டோடு இணைத்துவிட்டன. நெடுந்தீவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. சோளகம் பலமாக வீசும் மாதங்களிலும் வாடைக் காலத்திலும் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. குமுதினி, வடதாரகை, பின்னர் 2017 இல் சேர்ந்த நெடுந்தாரகை என்று படகுகளின் பெயர்கள் தீவு மக்களின் வாயில் உறவினர் பெயர்கள் போலப் புழங்குகின்றன. இன்றைக்கு எந்தப் படகு ஓடும், எது பழுது என்பதை வைத்துத்தான் ஒரு நாளின் வேலை தீர்மானமாகிறது.

தீவின் பரப்பு சுமார் 50 சதுர கிலோமீற்றர். 6 கிராம அலுவலர் பிரிவுகள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி 3,800 பேரளவில் வாழ்ந்தார்கள். அதாவது நிலம் தாராளமாக இருக்கிறது, ஆட்கள்தான் குறைவு. மீன்பிடி, மாடு ஆடு வளர்ப்பு, பனை, மழையை நம்பிய பயிர் என்பவையே சீவியம். நல்ல தண்ணீர்க் கிணறுகள் சில இடங்களில் மட்டுமே உண்டு. மற்ற இடங்களில் உவர்நீர். பிரதேச செயலகமும் வைத்தியசாலையும் பாடசாலைகளும் தீவிலேயே இருக்கின்றன. ஆனால் காணிப் பதிவகம், மாவட்ட நீதிமன்றம், பெரும்பாலான நொத்தாரிசுமார் எல்லாம் கடலுக்கு இந்தப் பக்கம். ஒரு பத்திரத்தின் பிரதி எடுக்க வேண்டுமென்றாலும் தீவிலுள்ளவருக்கு ஒரு நாள் போய்விடும். மாலைப் படகைத் தவறவிட்டால் இரண்டு நாள்.

காணி விடயத்தில் இந்தப் பயணச் செலவைச் சின்ன விடயமாக எடுக்கக் கூடாது. ஒரு வழக்கு பல தவணைகள் போகும். ஒவ்வொரு தவணைக்கும் படகு, பஸ், சாப்பாடு, சிலவேளை இரவு தங்கல். அரைப் பரப்பு எல்லைத் தகராறுக்கு இவ்வளவு செலவழிக்க முடியாது என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்படி விட்ட இடத்திலிருந்துதான் உரிமை கைநழுவத் தொடங்குகிறது.

கல்வேலி சொல்வதும் சொல்லாததும்

குடாநாட்டில் எல்லை என்றால் கிளுவை, பூவரசு, பனையோலை, கிடுகு. நெடுந்தீவில் எல்லை என்றால் கல். முருகைக் கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள். ஓலை வேலியை வருடாவருடம் அடைக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் இரண்டு மழையில் விழுந்துவிடும். கல்வேலி அப்படியல்ல. வீட்டுக்காரர் போய் முப்பது வருடமானாலும், வீடு கூரை இழந்து நின்றாலும், வேலி இருக்கும். அதனால் நெடுந்தீவில் ஒரு வளவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை இன்றும் கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் வேலிக்கு அங்கால் யாருடைய காணி என்பதைக் கல் சொல்லாது. அதைச் சொல்வது உறுதியும் அயலவரின் ஞாபகமும். நம் உறுதிகளில் காணியின் பெயர், பரப்பளவு, பிறகு கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நான்கு எல்லைகளும் வரும். அந்த எல்லைகள் பெரும்பாலும் அயற்காணிக்காரரின் பெயர்களாகவே இருக்கும். அந்த அயலவரும் ஊரை விட்டுப் போய், அவரைத் தெரிந்தவரும் செத்துப்போனால், உறுதியில் எழுதியிருக்கும் எல்லையை நிலத்தில் காட்ட ஆளில்லை. தீவில் இப்போது வயதானவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். காணித் தகராறுகளில் கடைசிச் சாட்சிகளும் அவர்களே.

ஆட்கள் ஏன் போனார்கள்

நெடுந்தீவு மக்கள் விரும்பி வெளியேறினார்கள் என்று சொல்ல முடியாது. 1985 மே 15 அன்று தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போய்க்கொண்டிருந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. படகிலிருந்த பொதுமக்களைக் கடற்படையினர் வெட்டிக் கொன்றனர். குறைந்தது 23 பேர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்தது. ஊரவர் கணக்கில் 36 பேர். கைக்குழந்தையும் அதில் அடக்கம். மாவலித்துறையில் ஒவ்வொரு வருடமும் நினைவேந்தல் நடக்கிறது. தீவுக்கு இருந்த ஒரே வழி அந்தக் கடல். அந்த வழியிலேயே கொலை நடந்தபின் பிள்ளைகளை நகரத்துப் பாடசாலைக்கு அனுப்பவும், நோயாளியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகவும் பயந்த குடும்பங்கள் மெல்ல மெல்ல இடம்பெயர்ந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தீவகம் படையினர் வசமும் குடாநாடு புலிகள் வசமும் இருந்தன. ஒரே குடும்பத்தில் தகப்பன் தீவில், பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில் என்று பிரிந்திருந்தார்கள். பிறகு வன்னி, தமிழ்நாடு, கனடா, பிரான்ஸ், சுவிஸ் என்று சிதறினார்கள். இடம்பெயர்ந்து போகும்போது பலர் உறுதியைக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனவர்களில் பலர் 1995 இடப்பெயர்விலும் 2009 முள்ளிவாய்க்காலிலும் அதைத் தொலைத்தார்கள். அவர்களின் காணிதான் இன்று தீவில் ஆளில்லா வளவாகக் கிடக்கிறது.

ஒரு வளவு, பல பங்கு

காணி யாருடையது என்று கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், இங்கே வழங்கிய வழக்காறுகள் எழுத்தில் தொகுக்கப்பட்டன. 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகளும் வழியுரிமையும் கட்டளைச் சட்டமும் அதன் 1947 திருத்தமும் இன்றும் நடைமுறையில் உள்ளன. பெற்றோர் வழியாக வந்தது முதுசம். பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுத்தது சீதனம். கலியாணத்துக்குப் பின் உழைத்து வாங்கியது தேடிய தேட்டம். ஒருவர் இறந்தால் அவருக்குரிய தேடிய தேட்டத்தில் பாதி உயிரோடிருக்கும் துணைக்கும் மீதி வாரிசுகளுக்கும் போகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அப்பு இறந்தபின் உறுதி எழுதாமல் விட்டால் அவருடைய காணி பிள்ளைகள் எல்லோருக்கும் பிரிபடாத பங்காகிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் இறந்தால் அவரது பங்கு மீண்டும் பிரிகிறது. இரண்டு தலைமுறை கழிந்தால் பத்துப் பரப்பு வளவுக்குப் பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றே தெரியாது. ஒரு பரப்பு என்பது பத்துப் பேர்ச். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். பதினைந்தில் ஒரு பங்கு என்றால் ஒரு பரப்புகூட வராது. அதற்காக யாரும் படகேறி வரமாட்டார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியும்.

பங்காளிக்கு ஒரு பாதுகாப்பும் தேசவழமையில் இருக்கிறது. 1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க முன்கொள்வனவுச் சட்டத்தின்படி, ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால் முதலில் உடன்பங்காளிகளுக்கும் தன் வாரிசுகளுக்கும் அறிவித்து, அவர்கள் வாங்க விரும்புகிறார்களா என்று கேட்க வேண்டும். கேட்காமல் அந்நியருக்கு விற்றால் பங்காளி வழக்கு வைக்கலாம். ஆனால் அறிவித்தல் கொடுக்கப்பட்டதே தெரியாமல் தூரத்தில் இருப்பவருக்கு இந்த உரிமை ஏட்டில்தான் இருக்கும்.

உறுதி தொலைந்தால் காணி தொலைந்துவிடுமா?

இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உறுதி இல்லை என்பதாலேயே பேசாமல் இருந்துவிட்ட குடும்பங்கள் பல. இலங்கையில் காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது மூன்று பிரதிகள் உருவாகின்றன. ஒன்று உரிமையாளர் கையில். ஒன்று நொத்தாரிசிடம். மூன்றாவது காணிப் பதிவகத்துக்குப் போகிறது. உங்கள் கையிலிருந்தது எரிந்தாலும் பதிவகத்திலுள்ள பிரதியிலிருந்து அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். உறுதியின் இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் தெரிந்தால் வேலை இலகு. தெரியாவிட்டால் காணியின் பெயர், குறிச்சி, முன்னைய உரிமையாளரின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு பதிவேட்டில் தேடலாம். அயற்காணிக்காரரின் உறுதியில் உங்கள் தகப்பனின் பெயர் எல்லையாக எழுதப்பட்டிருந்தால் அதுவும் ஒரு தடயம்.

பதிவு செய்வது ஏன் முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1927 ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியப்படாத பழைய உறுதியை விட, பெறுமதி கொடுத்து வாங்கிப் பின்னர் பதியப்பட்ட உறுதி முந்திக்கொள்ளலாம். ஆகவே பெட்டியில் பூட்டி வைத்த பதியாத நன்கொடை உறுதி ஒன்றை நம்பி இருக்க முடியாது. உங்கள் காணியில் மோசடி உறுதி எழுதப்படலாம் என்று சந்தேகம் இருந்தால், பதிவகத்தில் ஆட்சேபனைப் பதிவு ஒன்றைப் போடவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. பிறகு அந்தக் காணி தொடர்பாக யாராவது பத்திரம் பதிய வந்தால் உங்களுக்கு அறிவிப்பு வரும்.

பத்து வருடமும் முப்பது வருடமும்

உறுதி இருந்தாலும் காணியை இழக்கலாம். 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் உரிமையாளரின் உரிமையை ஏற்காமல், இடையறாது, தடையின்றிப் பத்து வருடம் காணியை ஆண்டால் அந்த ஆட்சியைக் காட்டி நீதிமன்றத்தில் உரித்துக் கோரலாம். 'ஆட்சி உரித்து' என்று ஊரில் சொல்வது இதைத்தான். நீங்கள் இரக்கப்பட்டு இருக்கவிட்டவர், குத்தகைக்காரர், பராமரிப்பாளர் ஆகியோர் உங்கள் அனுமதியோடு இருக்கிறார்கள். அவர்களின் இருப்பு இலகுவில் எதிரான ஆட்சியாக மாறாது. ஆனால் அனுமதி கொடுத்ததற்கு ஒரு கடிதத்துண்டாவது இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை முப்பது வருடத்துக்குப் பிறகு யார் வந்து நிரூபிப்பது?

உடன்பங்காளி விடயத்தில் நிலைமை வேறு. 1911 இல் இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவிக் கவுன்சில் கொறயா எதிர் ஈசரிஸ் அப்புஹாமி வழக்கில் ஒரு விதியைச் சொன்னது. ஒரு பங்காளி காணியில் இருப்பது எல்லாப் பங்காளிகளுக்காகவும் இருப்பதாகவே கொள்ளப்படும். மற்றவர்களின் உரிமையை மறுத்து வெளிப்படையாக நடந்தாலொழிய காலாவதி ஓடாது. ஆகவே ஊரில் தங்கிய தம்பி வளவைப் பார்த்துக்கொண்டார் என்பதற்காக அக்காவின் பங்கு போய்விடாது. ஆனால் மிக நீண்ட காலம் ஒருவர் தனியே அனுபவித்து, மற்றவர்கள் எதையும் கேட்காமல் இருந்திருந்தால், உரிமை மறுக்கப்பட்டதாக நீதிமன்றம் ஊகிக்கவும் முடியும் என்று பிந்திய தீர்ப்புகள் சொல்கின்றன. சகோதரர்களுக்குள் வருடத்துக்கு ஒரு முறை தேங்காயோ ஒடியலோ கருவாடோ கொடுத்து வாங்கும் பழக்கத்துக்குக்கூட இந்த இடத்தில் சட்டப் பெறுமதி உண்டு. பங்கு ஏற்கப்படுகிறது என்பதற்கு அது அடையாளம்.

'கடல் கடந்து' இருப்பவருக்கு அதே காலாவதிச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. உரிமை மீறப்பட்ட வேளையில் உரிமையாளர் நாட்டுக்கு வெளியே இருந்தால் பத்து வருடக் கணக்கு அவருக்கு எதிராக உடனே தொடங்காது. இங்கே கடல் என்பது நாட்டின் எல்லைக் கடல். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையிலுள்ள கடல் இதில் சேராது. இந்தச் சலுகைக்கும் எல்லை உண்டு. எதிரான ஆட்சி முப்பது வருடம் நீடித்தால் அது உரித்துக்கு முடிவான சான்றாகிவிடும். 1990 இல் காணியை விட்டுப் போனவருக்கு முப்பது வருடம் 2020 இலேயே முடிந்துவிட்டது.

போர்க்கால இழப்பைச் சரிசெய்யவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் காலாவதி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, காணிக்காக நீதிமன்றம் போக முடியாமல் இருந்தவர்களுக்கு எதிராகக் கணக்கிடக் கூடாது என்பது அதன் சாரம். நல்ல சட்டம்தான். ஆனால் இரண்டு குறைகள். முதலாவது, இதன் நன்மையைக் கோர வைக்கப்பட்ட அவகாசம் இரண்டே வருடம். அந்தச் செய்தி தீவுகளிலும் வன்னியிலும் உரியவர்களின் காதுக்குப் போகுமுன் அவகாசம் முடிந்துவிட்டது. இரண்டாவது, சட்டம் 'தீவிரவாதப் பயங்கரவாதக் குழுவின்' செயற்பாட்டினால் பாதிக்கப்பட்டவர் என்றே பேசுகிறது. குமுதினியின் பின்னர் கடற்படைக்குப் பயந்து தீவை விட்டுப் போனவர் அந்தச் சொற்களுக்குள் தன்னை எப்படி அடக்குவது? போரின் ஒரு பக்கத்தை மட்டும் காரணமாக எழுதிய சட்டம், அதனால் அதிகம் இழந்த மக்களில் ஒரு பகுதியை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அவகாசத்தை நீடிக்கவும் சொற்களைத் திருத்தவும் கேட்பது இன்றும் நியாயமான கோரிக்கை.

கணவன் எங்கே என்று தெரியாதபோது

தேசவழமையின் கீழுள்ள மணமான பெண், சீதனக் காணி தன் பெயரில் இருந்தாலும், அதைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கட்டுப்பாடு இது. கணவன் கடலிலோ காவலரணிலோ முள்ளிவாய்க்காலிலோ காணாமல் போயிருந்தால் அவள் யாரிடம் கையெழுத்து வாங்குவது? வீட்டைத் திருத்தவோ பிள்ளையின் படிப்புக்கோ சொந்தக் காணியை அடகு வைக்க முடியாமல் பல பெண்கள் தவித்தது இதனால்தான்.

அதே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. கணவனின் இருப்பிடம் தெரியாவிட்டால், அவன் கைவிட்டுப் போயிருந்தால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அச்சம்மதம் இல்லாமலே காணியைக் கையாள அனுமதி பெறலாம். காணாமல் போனவரை இறந்தவராக ஏற்க மனமில்லாத குடும்பங்களுக்கு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணக்கிடைக்காமைச் சான்றிதழ் வழங்க 2016 இல் சட்டம் திருத்தப்பட்டது. மரணச் சான்றிதழை எடுத்தால் தேடலைக் கைவிட்டதாகிவிடும் என்று அஞ்சும் தாய்மாரும் மனைவிமாரும் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது.

வெளிநாட்டில் இருப்பவர்கள்

கனடாவிலோ ஐரோப்பாவிலோ பிரசாவுரிமை எடுத்து இலங்கைப் பிரசாவுரிமையை இழந்தவர் இங்கே காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. ஆனால் நெருங்கிய உறவினரிடமிருந்து வழியுரிமையாகவோ நன்கொடையாகவோ மரணசாசனம் மூலமாகவோ பெறுவதை அது தடுக்கவில்லை. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கும் தடையில்லை. எனவே தாய் தகப்பன் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகளுக்கு எழுத வேண்டியதை எழுதிவிடுவதே புத்தி.

வர முடியாதவர்கள் அற்றோணித் தத்துவம் கொடுப்பது வழக்கம். தான் வாழும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு இங்கே பதிவிக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: 'எல்லாம் செய்யலாம்' என்ற பொதுத் தத்துவத்தைக் கொடுக்காமல், எந்தக் காணி, எந்த வேலை என்று வரையறுத்த விசேட தத்துவத்தைக் கொடுங்கள். துப்புரவாக்கவும் எல்லை அடைக்கவும் வழக்காடவும் அதிகாரம் கொடுத்தால் போதும். விற்கும் அதிகாரம் வேண்டுமென்றே கொடுத்தாலொழிய அதில் இருக்கக் கூடாது.

அரசும் ஆளைத் தேடுகிறது

ஆளில்லாக் காணியில் கண் வைப்பது அயலவர் மட்டுமல்ல. 2025 மார்ச் 28 அன்று காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஒரு வர்த்தமானி வந்தது. வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருபவர்கள் மூன்று மாதங்களுக்குள் முன்வர வேண்டும், வராவிட்டால் அது அரச காணியாகும் என்பது அதன் பொருள். யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 3,669 ஏக்கர். உறுதி தொலைந்தவர்களும், நாட்டுக்கு வெளியே இருப்பவர்களும், தமிழ்நாட்டு முகாம்களில் இருப்பவர்களும் மூன்று மாதத்தில் எப்படி வருவது என்று வடக்கில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஜூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசாங்கமும் வர்த்தமானியை மீளப்பெற்றது.

அந்த வர்த்தமானி போய்விட்டது. அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்ததோ அந்தச் சட்டம் அப்படியே இருக்கிறது. வலிகாமம் வடக்கில் மக்கள் தங்கள் காணிக்குப் போகாதபடி முட்கம்பி தடுக்கிறது. அது கண்ணுக்குத் தெரிகிறது, போராடவும் முடிகிறது. தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் தடுப்பது தூரமும் செலவும் பழகிப்போன மௌனமும். அதற்கு எதிராக யாரும் பந்தல் போட்டு உட்காருவதில்லை.

ஆச்சே மக்கள் செய்தது

போரும் கடலும் சேர்ந்து காணிப் பத்திரங்களை அழித்த இன்னொரு இடம் இந்தோனேசியாவின் ஆச்சே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அங்கே கரையோரக் கிராமங்களைத் துடைத்துவிட்டது. காணிப் பதிவேடுகள் நனைந்து அழிந்தன. பல கிராமத்தவரிடம் முதலிலிருந்தே பத்திரம் இருக்கவில்லை. இது இன்னாரின் தென்னந்தோப்பு, இது இன்னாரின் வயல் என்ற ஊர் அறிவுதான் இருந்தது. 2005 இல் போர் முடிவுக்கு வந்த அதே காலத்தில் அங்கே ஒரு வேலைத்திட்டம் தொடங்கியது. தப்பியவர்கள் கிராமமாகக் கூடி, நிலத்தில் நடந்து, எல்லைக் குற்றிகளை நட்டு, யார் எதற்கு உரியவர் என்று தங்களுக்குள் இணங்கி எழுதிக் கையெழுத்திட்டார்கள். அரச காணித் திணைக்களம் அந்த இணக்கத்தை அடிப்படையாக வைத்து அளந்து பத்திரம் வழங்கியது. தாமதங்களும் குறைகளும் அங்கேயும் இருந்தன. ஆனால் அரசு வந்து கேட்கும்வரை காத்திராமல் அயலவர்கள் உயிரோடிருக்கும்போதே எல்லையை எழுதி வைத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஒரு பயணத்தில் செய்யக்கூடியவை

நெடுந்தீவிலோ வேறு தூரக் கிராமத்திலோ காணி வைத்திருக்கும் குடும்பம் ஒரு விடுமுறையில் போகும்போது கோயிலும் கடற்கரையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

முதலில், புறப்படுமுன் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதியையும் பதிவேட்டுப் பிரதியையும் எடுங்கள். உங்கள் காணியில் வேறு யாராவது பத்திரம் பதிந்திருக்கிறார்களா என்பது அதில் தெரியும்.

இரண்டாவது, தீவில் இறங்கியதும் கிராம அலுவலரைச் சந்தித்து, நீங்கள் யாருடைய பிள்ளை, எந்தக் காணிக்கு உரியவர், எங்கே இருக்கிறீர்கள் என்பதை எழுதிக் கொடுத்து, கிடைத்ததற்கான கையெழுத்தை வாங்குங்கள்.

மூன்றாவது, அயலிலுள்ள வயதானவர் ஒருவரோடு எல்லை முழுவதையும் நடந்து பாருங்கள். விழுந்த கல்லை எடுத்து வையுங்கள். கைத்தொலைபேசியில் திகதியோடு படம் எடுங்கள். முடிந்தால் அவரிடம் ஒரு சத்தியக்கடதாசி வாங்குங்கள். அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு வரைபடம் எடுப்பது இன்னும் நல்லது; பல குடும்பங்கள் சேர்ந்து ஒரே நாளில் அவரைக் கூட்டிப் போனால் செலவு குறையும்.

நான்காவது, யாராவது உங்கள் காணியில் இருந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். அவர்களும் பெரும்பாலும் வேறெங்கோ வீடிழந்து வந்தவர்கள். உங்கள் அனுமதியோடு இருக்கிறார்கள் என்று ஒரு வருட உடன்படிக்கை எழுதுங்கள். அவர்களுக்கும் அது பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. கையெழுத்திட மறுத்தால் சட்டத்தரணியிடம் போக வேண்டிய வேளை வந்துவிட்டது என்று விளங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காணியின் நிலையும் வேறு என்பதால் அந்த ஆலோசனை எப்படியும் தேவை. வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

ஐந்தாவது, சகோதரர்கள் எல்லோரும் ஒருமுறை தொலைபேசியிலாவது கூடி, யார் பங்கு யாருக்கு என்று பேசி முடித்து, உறுதியாக எழுதுங்கள். அம்மா இருக்கும்போது ஒரு நாளில் முடிகிற வேலை, அவருக்குப் பிறகு பாகப்பிரிவினை வழக்காகி, பிள்ளைகளின் காலத்திலும் முடியாமல் போகலாம்.

பொலித்தீன் பையோடு குறிகட்டுவானில் நிற்கும் அந்தப் பெரியவர் மாலைப் படகில் திரும்பி வருவார். கிணறு தூர்ந்திருந்தது, பூவரசு விழுந்திருந்தது, வேலி மட்டும் நின்றது என்று பிள்ளைகளுக்குச் சொல்வார். பிள்ளைகள் அடுத்த விடுமுறைக்குப் பார்ப்போம் என்பார்கள். அவரோடு போய், எல்லையை அவர் காட்டக் கேட்டு எழுதி வைக்க இன்னும் எத்தனை விடுமுறைகள் இருக்கின்றன என்பதை ஒவ்வொரு குடும்பமும் யோசிக்க வேண்டும்.